குதிகாலுக்கு மூன்று மில்லி கூடுதல்

இருபத்திரண்டு வருடமாக நான் செய்வது பேட்டர்ன் வேலை. பம்பு செய்கிறவர்கள் ஒரு வரைபடம் கொடுப்பார்கள். அதே உருவத்தை மரத்திலோ ரெசினிலோ அலுமினியத்திலோ செய்து கொடுப்பேன். ஃபவுண்டரியில் அதை மணலில் பதித்து உருவி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் இரும்பைக் காய்ச்சி ஊற்றுவார்கள். கணபதி ஏரியாவில் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை, உள்ளே ஒரு சிஎன்சி மில்லிங் மிசின், ஒரு கம்ப்யூட்டர், நான்கு ஆட்கள். கோயமுத்தூரில் இதைக் கம்பெனி என்று சொல்ல வேண்டும். யாராவது பட்டறை என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும்.

எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் எதுவும் தேவையில்லை என்பது வேறு விஷயம். அதோடு மண்டைக்கனமும் கொஞ்சம் உண்டு. கல்யாண வீட்டுக்குப் போனால் மேடைப் பந்தல் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று சொல்வேன். பந்தியில் உட்கார்ந்தால் மேசை மட்டமாக இல்லை என்பேன். என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டே, பேசாமல் சாப்பிடச் சொல்லித் தொடையில் கிள்ளுவாள்.

இந்தக் கதை அவளுடைய இடது குதிகாலைப் பற்றியது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அது உடைந்தது. ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். ஓட்டியவன் நான். போன் அடித்தது. ஃபவுண்டரிக்காரர். ஒரு கையால் எடுத்துப் பேசினேன். வளைவில் மணல் கிடந்தது. எனக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவளுக்குக் குதிகால் எலும்பு. மூன்று மாதம் கட்டுப் போட்டுக்கொண்டு கிடந்தாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. அடியில் ஒரு பக்கம் புளியங்கொட்டை அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் போனைப் பற்றி இந்த இரண்டு வருடத்தில் அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. ஊரில் உள்ள எல்லா மேசையின் கோணலையும் சொல்கிற வாய், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

விழுவதற்கு முன்பு வருடா வருடம் தைப்பூசத்துக்கு எங்கள் தெருப் பெண்களோடு பழனிக்கு நடந்து போய்க்கொண்டிருந்தாள். விழுந்த பிறகு இரண்டு வருடமும் தெருமுனை வரைக்கும் போய், அவர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுத்து வழியனுப்பிவிட்டு, நொண்டிக்கொண்டே திரும்பி வந்து அடுப்படியில் நின்றாள். அந்த இரண்டு நாளும் நான் வீட்டில் காலைச் சாப்பாடு சாப்பிடாமல் கம்பெனிக்கு ஓடியிருக்கிறேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இந்த வருடம் பாதி வழிக்கு மேல் பஸ்ஸில் போய், உடுமலைப்பேட்டையிலிருந்தாவது நடந்துவிடுவது என்று முடிவு செய்துவிட்டாள். டாக்டரிடம் கேட்டோம். பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த மெத்தையைச் செருப்புக்குள் வைத்தால் நடக்கலாம் என்று ஒரு கடைக்கு எழுதிக் கொடுத்தார். கடைக்காரர் போனைக் காலைச் சுற்றிச் சுற்றிக் காட்டி ஸ்கேன் எடுத்தார். பாதம் அப்படியே போனில் வந்து நின்றது. இதை வெளியூருக்கு அனுப்பித்தான் செய்ய வேண்டும், வர ஒரு மாதம் ஆகும் என்றார். தைப்பூசத்துக்குப் பதினாறு நாள்தான் இருந்தது.

அந்த ஃபைலை எனக்கு அனுப்புங்கள், நானே செய்துகொள்கிறேன் என்றேன். இந்த மாதிரி வேலை பழக்கம் உண்டா என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். நத்தைக் கூடு மாதிரி சுருளும் பம்பு கேசிங்கையே செய்கிறவனுக்குக் கால் ஒரு பெரிய வேலையா என்று நான் கேட்டதில் மரியாதை இல்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“ஊரு பம்புக்கெல்லாம் செய்யறீங்க. எனக்குன்னு நீங்க செய்யற மொதச் சாமான் இதுதானுங்க. பாத்துச் செய்யுங்க.”

எங்கள் கம்பெனியில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மிசினில் சுழன்று வெட்டும் கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும் என்று பாதை போடுவது அன்னூரிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பெண். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், பத்து வருட அனுபவம். நான் முதலாளி என்பதை மரியாதை குறையாமல் மறந்துவிடுவதில் அவருக்கு நிகர் இல்லை. அப்போது பார்த்து வீடு கட்டிக் குடி புகுகிறார் என்று பத்து நாள் லீவு. போகும்போது, தான் வரும் வரைக்கும் கம்ப்யூட்டரைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். ஒரு காலத்தில் நானே பாதை போட்டவன். என்னிடமா சொல்கிறாய் என்று நினைத்துக்கொண்டு மறுநாள் காலையிலேயே உட்கார்ந்தேன்.

ஃபைலைத் திறந்தேன். திரையில் ஒன்றுமே இல்லை. மறுபடி திறந்தேன். இல்லை. கடைக்காரருக்குப் போன் போட்டு, காலியான ஃபைலை அனுப்பிவிட்டு ஒரு மாதம் ஆகும் என்று கதை சொல்கிறீர்களா என்று கத்தினேன். அவர் நிதானமாக, நடுவில் ஒரு புள்ளி தெரிகிறதா பாருங்கள், அதைப் பெரிதாக்கிப் பாருங்கள் என்றார். பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். அந்தப் புள்ளிக்கு ஐந்து விரல் இருந்தது. போன் மீட்டர் கணக்கில் அளந்திருக்கிறது, என் கம்ப்யூட்டர் அதை மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. என் மனைவியின் பாதம் கால் மில்லி நீளத்தில், எறும்புக்குக்கூடப் பத்தாத அளவில் அங்கே கிடந்தது. நான் கற்ற முதல் பாடத்தை இலவசமாகவே சொல்கிறேன். ஃபைலைத் திறப்பதற்கு முன்னால் டேப்பால் காலை அளந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திறந்ததும் முதலில் அந்த அளவைச் சரிபாருங்கள். கத்துவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஆயிரம் மடங்கு பெரிதாக்கினேன். உடனே கம்ப்யூட்டர் உறைந்து நின்றது. ஸ்கேன் எடுத்த உருவம் என்பது சின்னச் சின்ன முக்கோணங்களைச் சேர்த்துத் தைத்த ஒரு வலை. இவள் காலில் ஒன்பது லட்சம் முக்கோணம் இருந்தது. அவ்வளவு எதற்கு என்று ஒரே அடியாக இரண்டாயிரத்துக்குக் குறைத்தேன். குதிகால் உடைத்த கருப்பட்டி மாதிரி பட்டை பட்டையாக வந்தது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, வளைவு அதிகமான இடத்தில் நிறைய, தட்டையான இடத்தில் குறைவாக என்று வைத்தபோது கம்ப்யூட்டரும் மூச்சு விட்டது, காலும் காலாகத் தெரிந்தது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு பகல் முழுதும் போனது.

அந்த வலையில் ஓட்டைகள் இருக்கும் என்பதைத்தான் நான் பார்க்கவில்லை. போன் சரியாக எட்டாத இடத்தில் முக்கோணம் விழாது. விரல் இடுக்கில் இரண்டு, உள்ளங்கால் குழிவில் ஒன்று என்று விட்டுப்போயிருந்தது. நீங்களும் நானும் பார்த்தால் அது சின்ன ஓட்டை. கட்டருக்கு அது கிணறு. அந்த இடத்தில் பரப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கி, மெத்தைக்கு வைத்திருந்த ஈவிஏ கட்டியைத் துளைத்து, அடியில் இருந்த அலுமினியத் தட்டில் போய் முட்டி உடைந்தது. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுவார்களே, அந்தக் கெட்டியான நுரை ரப்பர்தான் ஈவிஏ. மிசின் பக்கத்தில் நின்றிருந்த ஆப்பரேட்டரைப் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, அது நான் போட்ட புரோகிராம் என்பதை ஞாபகப்படுத்தினார். தண்ணீர் ஊற்றினால் ஒழுகாத அளவுக்கு வலையின் ஓட்டைகளை அடைத்துவிட்டுத்தான் பாதை போட வேண்டும். இது இரண்டாம் பாடம், ஒரு கட்டர் விலை.

இரண்டாவது கட்டியை வைஸ் பிடிப்பில் வைத்து இரும்பை இறுக்குவது போல இறுக்கினேன். வெட்டி முடித்து வைஸைத் தளர்த்தியதும் அது உப்பிக்கொண்டு எழுந்து வேறு ஏதோ உருவமானது. மூன்றாவதை இருபக்கமும் ஒட்டும் டேப்பால் தட்டில் ஒட்டினேன். முதலில் பெரிய கட்டரால் மேலாகச் சீவி, ஒரு மில்லி மிச்சம் வைத்து, பிறகு உருண்டை முனையுள்ள கட்டரால் குதிகாலிலிருந்து விரல் வரைக்கும் நீளவாக்கில் போகவிட்டேன். குறுக்குவாக்கில் விட்டால் நுண்ணிய வரிகள் நடக்கும்போது தோலை உரசும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் நடுவே அரை மில்லிக்கும் குறைவு. அவசரப்பட்டு அகலம் வைத்தால் உழுத காடு மாதிரி இருக்கும். வந்தது பாருங்கள், கரு நீலத்தில், வழுவழுவென்று. கையில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தேன். ஆப்பரேட்டரைக் கூப்பிட்டு அவரையும் தடவச் சொன்னேன்.

வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செருப்பில் பொருத்திக் கொடுத்தேன். போட்டு இரண்டு எட்டு நடந்துவிட்டு, கொஞ்சம் தொளதொளவென்று இருக்கிறது என்றாள். இருக்க வாய்ப்பே இல்லை என்றேன். மிசின் நூறில் ஒரு பங்கு மில்லி வரைக்கும் சொன்னபடி கேட்கும். காலையில் கால் சுருங்கியிருக்கும், சாயங்காலம் போட்டுப் பார் என்றேன். சாயங்காலமும் அப்படியே இருக்கிறது என்றாள். அப்படியென்றால் நீ காலை வைக்கிற விதம் சரியில்லை, இரண்டு வருடமாக நொண்டி நொண்டிப் பழகிவிட்டாய் என்றேன். சொன்ன பிறகுதான் யார் யாரிடம் இதைச் சொல்கிறோம் என்று உறைத்தது. அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாலு நாளும் காலையில் மைதானத்துக்கு நடந்து பழகப் போய் வந்தாள். ஐந்தாம் நாள் அவள் கட்டிலில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றும்போது நான் எதேச்சையாகப் பார்த்தேன். குதிகால் வைக்கும் குழியில் ஒரு கைக்குட்டையை நாலாக மடித்து வைத்திருந்தாள். குதிகாலின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. இதை ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

“சொன்னேனுங்களே. தொளதொளன்னு இருக்குதுன்னு சொன்னேன். என்ற காலுதான் சரியில்லைன்னுபோட்டீங்க.”

அன்று கம்பெனிக்குப் போனபோது அன்னூர்ப் பெண் லீவு முடிந்து வந்திருந்தார். புது வீட்டுப் பலகாரத்தை மேசையில் வைத்துவிட்டு, தன் கம்ப்யூட்டரில் யாரோ விளையாடியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டிருந்தார். நான் நடந்ததைச் சொன்னேன். ஃபைலைத் திறந்து, நான் கொடுத்திருந்த கணக்கை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்ணா, அண்ணியோட காலை இரும்புல ஊத்தப் போறீங்களா?”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. காய்ச்சி ஊற்றின இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன் செய்கிறவன் எதையும் நூற்றுக்கு ஒரு பங்கு பெரிதாகவே செய்வான். வார்த்து வந்ததைக் கடைசல் மிசினில் கடைந்து சீவ வேண்டும், அதற்கு மூன்று மில்லி கூடுதல். மணலிலிருந்து உடையாமல் உருவ வேண்டும், அதற்குப் பக்கச் சுவர்களில் கொஞ்சம் சரிவு. இருபத்திரண்டு வருடமாக எது வந்தாலும் இந்த மூன்றையும் போடாமல் நான் ஒரு வேலையும் செய்ததில்லை. என் மனைவியின் காலுக்கும் கை தானாகப் போட்டிருக்கிறது. அவள் கால் ஆறிச் சுருங்கப் போவதில்லை. அதை யாரும் கடையப் போவதில்லை. மணலில் பதித்து உருவப் போவதும் இல்லை. சொன்னபடி நூறில் ஒரு பங்கு மில்லி பிசகாமல், என் முட்டாள்தனத்தை மிசின் அப்படியே வெட்டிக் கொடுத்திருக்கிறது. நான் அதை வைத்துக்கொண்டு அவள் நடையைக் குறை சொல்லியிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. பலகாரத்தில் கை வைக்கவில்லை.

உடுமலைப்பேட்டைக்குக் கிளம்ப இன்னும் மூன்று நாள். அந்தப் பெண் ஒன்று சொன்னார். இந்த ஃபைலில் கால் எப்படி இருக்கிறது என்பது இருக்கிறது, எங்கே வலிக்கிறது என்பது இல்லை. அண்ணியைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றார்.

ஆயுத பூஜை தவிர வேறு நாளில் என் மனைவி கம்பெனிக்கு வந்தது அதுதான் முதல் தடவை. என் நாற்காலியில் உட்கார வைத்து, காலை ஸ்டூலில் தூக்கி வைக்கச் சொன்னோம். அன்னூர்ப் பெண் கட்டை விரலால் மெல்ல அழுத்திக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் என் மனைவி பல்லைக் கடித்துக்கொண்டு நாற்காலியின் கையைப் பிடித்தாள். கட்டு பிரித்த பிறகு அந்தக் காலை நான் தொட்டுப் பார்த்ததே இல்லை. போன் வந்த மாதிரி வெளியே போய் நின்றேன். அதற்கும் அந்தப் போன்தான் கிடைத்தது எனக்கு.

திரும்பி வந்தபோது அந்த வலிக்கிற இடத்தில் ஒரு பொட்டு இருந்தது. இவள்தான் நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டியிருக்கிறாள். பக்கத்திலேயே இன்னோர் இடமும் வலிக்கிறது என்றதும் அந்தப் பெண் தன் நெற்றியிலிருந்ததை எடுத்துக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் வெறும் நெற்றியோடு சிரித்துக்கொண்டிருந்தார்கள். போனில் மறுபடி ஸ்கேன் எடுத்தோம். வண்ணத்தோடு எடுத்ததால் மெரூன் பொட்டு இரண்டும் அப்படியே திரையில் தெரிந்தன. சுருக்கக் கணக்கு, சரிவு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, அந்த இரண்டு பொட்டு இருந்த இடத்தில் மட்டும் ஆழத்தைக் கூட்டினார். சுற்றியுள்ள பரப்போடு விளிம்பு தெரியாமல் கலக்க வைத்தார். எவ்வளவு கூட்டினீர்கள் என்று கேட்டேன். மூன்று மில்லி என்றார்.

மிசின் ஓடும்போது கதவின் கண்ணாடி வழியாக இவள் கடைசி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கட்டர் குதிகாலிலிருந்து விரலுக்குப் போய், திரும்பி வந்து, மறுபடி போய்க்கொண்டிருந்தது. உங்களுக்கு இல்லாத பொறுமை இந்த மிசினுக்கு இருக்கிறது என்று என்னிடம் சொன்னாள். ஆப்பரேட்டர் தேவையில்லாமல் சிரித்தார். வெட்டி எடுத்ததைச் செருப்பில் வைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கேட் வரைக்கும் நடந்தாள். திரும்பி வருவாள் என்று நின்றேன். வரவில்லை. பின்னால் போய்ப் பார்த்தால் முக்கு டீக்கடையையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஆப்பரேட்டர் சிரித்ததை மன்னித்துவிட்டேன்.

உடுமலைப்பேட்டை வரைக்கும் பஸ்ஸில் போய், அங்கே நடந்து வந்திருந்த தெருப் பெண்களோடு சேர்ந்துகொண்டோம். நானும் நடந்தேன். முந்தின நாள்தான் புது ஷூ வாங்கியிருந்தேன். வழியெல்லாம் அந்தப் பெண்களுக்குப் பாதத்தின் அமைப்பு, உரசல், முக்கோண வலை என்று விளக்கிக்கொண்டே வந்தேன். மடத்துக்குளத்தில் மண்டபத்தில் தங்கி, மறுநாள் காலையில் ஷூவுக்குள் காலை நுழைக்கப் பார்த்தால் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அளவு பார்க்காமல் வாங்கிவிட்டேன். அந்தப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இவள் என்னைப் பஸ் ஏற்றிவிட்டு, அவர்களோடு நடந்து போனாள்.

பழனி அடிவாரத்தில் மதியத்திலிருந்து காத்திருந்தேன். வருகிற ஒவ்வொரு காவிக் கூட்டத்திலும் தேடினேன். வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிட்டாளோ, மெத்தை நகர்ந்துவிட்டதோ என்று மனது அடித்துக்கொண்டது. போன் போட்டால் எடுக்கவில்லை. வெயில் தாழ்ந்த நேரத்தில் அவர்கள் வந்தார்கள். இவள் நடுவில் வந்தாள். மெதுவாகத்தான் வந்தாள், ஆனால் நொண்டாமல் வந்தாள். போனை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். நடக்கும்போது போன் எடுப்பதில்லை என்றாள்.

மலையேற வேண்டுமே என்று படிக்கட்டுப் பக்கம் திரும்பியபோதுதான் எனக்குத் தலையில் அடித்தது போல இருந்தது. மலைக்குச் செருப்போடு ஏற முடியாது. பதினாறு நாள், நான்கு கட்டி, ஒரு கட்டர், ஒன்பது லட்சம் முக்கோணம் என்று கணக்குப் போட்ட எனக்கு, அவள் வருடா வருடம் நடந்து வந்த இந்தக் கோயிலில் வெறுங்காலோடு ஏற வேண்டும் என்பது ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. இழுவை ரயிலில் போய்விடலாம் என்றேன். மற்றப் பெண்கள் படியேறப் போய்விட்டார்கள். இவள் செருப்பைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். அதைச் செருப்புக் கடையில் விட்டு டோக்கன் வாங்கி வந்தேன். ஷூவையும் விட்டுவிட்டதில் என் கொப்புளத்துக்கு நிம்மதியாக இருந்தது.

ரயிலும் வேண்டாம், படியும் வேண்டாம், யானைப் பாதைச் சரிவில் மெதுவாகப் போகலாம் என்றாள். என் தோளில் கையை வைத்துக்கொண்டாள். இடது காலை ஊன்றும்போதெல்லாம் அந்தக் கை என் தோளை அழுத்தியது. ஒவ்வோர் அழுத்தலுக்கும் அந்தப் பொட்டு இருந்த இடம் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது வளைவைத் தாண்டினோம். பிறகு, அவள் முகத்தைப் பார்க்காமல், முன்னால் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்:

“அன்னைக்கு அந்தப் போனை நான் எடுத்திருக்கக் கூடாது.”

அவள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். பின்னால் வந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

“இதச் சொல்றதுக்கு உங்களுக்கு ரெண்டு வருசமும் ஒரு மிசினும் வேண்டியிருந்துதுங்களா?” என்று கேட்டாள். பிறகு, தோளிலிருந்து கையை எடுக்காமலேயே, நடங்க என்றாள்.